புது மாடல் வருதாமே, இப்ப வாங்கலாமா?

சென்னை அசோக் பில்லரில் இருந்து வடபழனி போகிற நூறடி சாலையில் எந்த செல்போன் கடைக்குள் நுழைந்தாலும், யாராவது ஒருவர் கவுன்டரில் சாய்ந்துகொண்டு இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்: "புது மாடல் வருதாமே தம்பி, இப்ப வாங்கலாமா, வெயிட் பண்ணலாமா?" தம்பியின் பதில் பெரும்பாலும் பின்னால் கோடவுனில் என்ன கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய ஸ்டாக் நிறைய இருந்தால், "அதெல்லாம் சும்மா கெளப்பி விடறதுங்க சார், வர இன்னும் ஆறு மாசம் ஆகும்." ஸ்டாக் தீர்ந்திருந்தால், "அடுத்த வாரமே வருது சார், ஐநூறு ரூபா அட்வான்ஸ் போட்டு வெச்சிடுங்க."

கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் வியாபாரம் அது. ஆனால் வரப்போகும் போனைப் பற்றி வரும் செய்திகளை வாங்குபவரே கொஞ்சம் தரம் பிரித்துக்கொள்ளலாம். அப்படி ஒன்றும் கடினமான வேலை இல்லை. ஏற்கெனவே செய்து முடித்த பொருளைப் பற்றிய செய்தியா, இன்னும் யாரும் எடுக்காத முடிவைப் பற்றிய செய்தியா என்று மட்டும் பாருங்கள். போனின் வடிவம், திரையின் அளவு, உள்ளே இருக்கும் சிப், கேமரா எத்தனை என்பதெல்லாம் முதல் வகை. பெயர், விலை, விற்பனைக்கு வரும் தேதி எல்லாம் இரண்டாவது வகை. முதல் வகை பெரும்பாலும் பலிக்கும். இரண்டாவது அடிக்கடி கவிழும்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது: ஜியோபோன் நெக்ஸ்ட். 2021 ஜூன் 24 அன்று ரிலையன்ஸின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முகேஷ் அம்பானி அதை அறிவித்தார். கூகுளுடன் சேர்ந்து செய்யும் போன், மிக மலிவு, செப்டம்பர் 10 விநாயகர் சதுர்த்தி அன்று வரும் என்றார். என்ன விலை என்று சொல்லவில்லை. அந்த ஒரு இடைவெளி போதுமே! மூவாயிரத்து ஐந்நூறு என்றது ஒரு தகவல், ஐயாயிரத்தைத் தாண்டாது என்றது இன்னொன்று. நாலாயிரம் ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்றால் பட்டன் போன் வைத்திருக்கும் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொன்று வாங்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் ஏராளம்.

ஆகஸ்டில் இன்னொரு தகவல் கசிந்தது. அது கணக்கு அல்ல, போனுக்குள் இருந்தே வந்தது. போனை ஆன் செய்ததும் தெரியும் திரையையும் அதற்குள் இருக்கும் மென்பொருளையும் ஆராய்ந்து, ஐந்தரை அங்குலத் திரை, குவால்காமின் 215 வரிசை சிப், பின்பக்கம் 13 மெகாபிக்சல் கேமரா ஒன்று என்று எழுதினார்கள். கடைசியில் வந்த போனில் 5.45 அங்குலத் திரை, அதே சிப், அதே 13 மெகாபிக்சல். வரி வரியாகப் பலித்தது.

தேதியும் விலையும்தான் பொய்த்தன. தேதியை நிறுவனமே மேடையில் சொல்லியிருந்தும் பொய்த்தது. செப்டம்பர் 9 இரவு, சதுர்த்திக்கு முந்தின இரவு, இன்னும் சோதனை ஓட்டத்தில் இருக்கிறது, தீபாவளிக்கு வரும் என்று அறிவிப்பு வந்தது. உலகம் முழுக்க அப்போது சிப் தட்டுப்பாடு. அக்டோபர் 29 அன்று விலையைச் சொன்னார்கள்: 6,499 ரூபாய். தவணையில் என்றால் முதலில் 1,999, மேற்கொண்டு நடைமுறைக் கட்டணம் 501, மீதி மாதாமாதம். நவம்பர் 4 தீபாவளி அன்று விற்பனைக்கு வந்தபோது நாலாயிரம் கணக்குப் போட்டவர்கள் எல்லாம் ஏமாந்து போனார்கள். இத்தனைக்கும் இந்தப் போன் எங்கோ கண் காணாத இடத்தில் தயாரானது அல்ல. நியோலிங்க் நிறுவனத்தின் திருப்பதி, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் தயாரானது. அசோக் நகரில் இருந்து பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போக எவ்வளவு தூரம்? போன் அவ்வளவு பக்கத்தில் செய்யப்பட்டும் அதன் விலை கடைசி வாரம் வரை வெளியே யாருக்கும் தெரியவில்லை.

ஏன் இப்படி? போனின் உடல் என்பது ஒரு வருடத்துக்கு முன்னாலேயே முடிவாகிற விஷயம். அச்சு வார்க்க வேண்டும், திரைக்கும் பேட்டரிக்கும் ஆர்டர் கொடுக்க வேண்டும், ஆலையில் லைன் ஒதுக்க வேண்டும். அதற்குள் ஆயிரக்கணக்கானவர்களின் கைக்கு அந்த அளவுகள் போய்விடும். விலை அப்படி இல்லை. நாலைந்து பேர் உட்கார்ந்து, அன்றைய டாலர் மதிப்பு, வரி, எதிராளியின் விலை எல்லாம் பார்த்து, அறிமுகத்துக்கு முன்னால் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு எண்ணை மாற்ற அச்சு ஒன்றும் வார்க்க வேண்டியதில்லையே.

ஆகவே ஒரு செய்தி வந்தால், இதைச் சொல்பவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று கேளுங்கள். கசிவுகள் வரும் வழிகள் சிலதான்.

முதல் வழி அரசாங்கப் பதிவேடு. இந்தியாவில் விற்கும் எந்தக் கைப்பேசியும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயப் பதிவு பெற வேண்டும். பரணில் கிடக்கும் உங்கள் பழைய போன் டப்பாவை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். பொடி எழுத்தில் ஐஎஸ் 13252 என்றோ, புது டப்பா என்றால் 62368 என்றோ ஓர் எண் இருக்கும். பக்கத்தில் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் இன்னொரு எண். அதுதான் பதிவு எண். இந்தப் பதிவுப் பட்டியல் ரகசியம் அல்ல, யாரும் பார்க்கலாம். புதிதாக ஒரு மாடல் எண் அதில் ஏறியதும், "இந்தியாவுக்கு வருகிறது!" என்று செய்தி பறக்கும்.

ஆனால் அந்தப் பதிவில் பெயர் இருக்காது, படம் இருக்காது, விலை கட்டாயம் இருக்காது. வெறும் எண்தான். சாம்சங்கின் பெரிய போனை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்23 அல்ட்ராவின் மாடல் எண் எஸ்918-இல் தொடங்கும், எஸ்24 அல்ட்ரா எஸ்928, எஸ்25 அல்ட்ரா எஸ்938. இந்த வரிசையைப் பார்த்த பள்ளிப் பிள்ளைகூட அடுத்தது 948 என்று சொல்லிவிடுவான். அந்த எண் எங்காவது தென்பட்டால் போன் வேலை நடக்கிறது என்று தெரியும். அவ்வளவுதான் தெரியும். பாதிச் செய்திகள் இந்த ஒற்றை எண்ணின் மேல் எட்டு பத்திக் கட்டடம் எழுப்புகின்றன. மற்ற நாடுகளிலும் இதே மாதிரிப் பதிவேடுகள் உண்டு. சீனாவில் வாங்கும் கட்டாயச் சான்றிதழில் சார்ஜர் எத்தனை வாட் என்று இருக்கும். அதனால்தான் மற்ற எதுவும் தெரியாத போனுக்குக்கூட சார்ஜிங் வேகம் மட்டும் முதலிலேயே வெளியே வந்துவிடுகிறது.

இரண்டாவது வழி பேக் கேஸ் செய்பவர்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் இவர்கள் சொந்தக் காசைப் போட்டுப் பந்தயம் கட்டுகிறார்கள். அளவு தெரியாமல் தையல்காரர் சட்டைக்குத் துணி வெட்ட மாட்டார். போன் வெளிவரும் அன்றைக்கே கேஸ் கடையில் தொங்கினால்தான் வியாபாரம். ரிச்சி தெருவுக்கும் பர்மா பஜாருக்கும் அது வந்து சேர வேண்டும் என்றால் சீனாவில் அச்சு இரண்டு மூன்று மாதம் முன்பே வார்த்தாக வேண்டும். கேமராவுக்கு விட்ட ஓட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் மொத்தச் சரக்கும் குப்பை. ஆகவே அவர்கள் அளவைச் சும்மா நம்புவதில்லை, ஆலைப் பக்கம் இருந்து கறந்தே தீருவார்கள். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17 ப்ரோவின் முதுகில் கேமரா மேடு இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை நீள்கிறது அல்லவா? அந்த வடிவத்துக்கான கேஸ்களும் போலி மாதிரிகளும் அந்தக் கோடையிலேயே சுற்றிக்கொண்டிருந்தன.

மூன்றாவது, உதிரிபாகக் கம்பெனிகளோடு தொடர்பு வைத்திருக்கும் ஆய்வாளர்கள். ஆப்பிளைப் பொறுத்தவரை மிங்-சி குவோ, ப்ளூம்பெர்க்கின் மார்க் குர்மன் ஆகிய இரண்டு பேரைத்தான் உலகம் முழுக்க எடுத்தாளுகிறார்கள். இவர்களும் தவறுவார்கள், ஆனால் தவறும் விதம் கவனிக்கத்தக்கது. ஐபோன் 13-இல் செயற்கைக்கோள் வழியாகப் பேசலாம் என்று 2021-இல் குவோ சொன்னார், வரவில்லை. அடுத்த வருடம் 14-இல் வந்தது, அதுவும் அவசரச் செய்தி அனுப்பும் அளவுக்குத்தான். ஐபோன் 15 ப்ரோவில் அழுத்தினால் அசையாத பொத்தான்கள் வரும் என்றார்கள். உண்மையிலேயே அதற்கான வேலை நடந்தது. 2023 ஏப்ரலில், தொழில்நுட்பச் சிக்கல் தீராததால் கைவிட்டுப் பழைய பொத்தானுக்கே திரும்பிவிட்டார்கள் என்று குவோவே தெரிவித்தார். சொன்னது பொய் இல்லை, சொன்ன பிறகு திட்டம் மாறியது. டிசம்பரில் கேள்விப்பட்டது செப்டம்பருக்குள் காலாவதியாகலாம் என்பதால், செய்தி எந்த மாதத்தது என்று பார்ப்பது செய்தியைப் படிப்பதைவிட முக்கியம். வாட்ஸ்அப் ஃபார்வர்டில் அந்த மாதம்தான் முதலில் கழன்று விழுகிறது.

நான்காவது வழி, கம்பெனியே கசியவிடுவது. 2019 ஜூனில் பிக்சல் 4 பற்றிப் படங்கள் உலவத் தொடங்கியதும் கூகுளே அதன் முதுகுப் படத்தை வெளியிட்டுவிட்டது. நத்திங் கம்பெனி இன்னும் கெட்டிக்காரத்தனம். 2022-இல் ஃபோன் 1-ஐ ஒரேயடியாகக் காட்டாமல், இன்று முதுகு, நாளை விளக்கு, அப்புறம் தமிழ்நாட்டில் தயாராகிறது என்ற தகவல் என்று ஜூலை வரைக்கும் சொட்டுச் சொட்டாக விட்டது. படம் வெளியாகும் முன் பாட்டு, டீசர், ட்ரெய்லர் என்று விடும் கோடம்பாக்கத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த வித்தையை விளக்க வேண்டாம்.

உடல் பற்றிய செய்தி பலித்து, பெயரும் விலையும் கவிழ்ந்ததற்கு இன்னொரு கதை ஐபோன் எஸ்இ 4. மலிவு ஐபோன் என்று ஒன்றரை வருடம் போல அதைப் பற்றிப் பேசினார்கள். ஓஎல்இடி திரை, முகம் பார்த்துத் திறக்கும் வசதி, டைப்-சி, பின்னால் 48 மெகாபிக்சல் கேமரா ஒன்று, ஆப்பிளே செய்த மோடம். 2025 பிப்ரவரி 19 அன்று போன் வந்தது, இவை எல்லாமே இருந்தன. பெயர்தான் எஸ்இ 4 இல்லை, ஐபோன் 16இ. முந்தைய எஸ்இ இந்தியாவில் 43,900 ரூபாய்க்கு அறிமுகமானதால் ஐம்பதாயிரத்துக்குள் வரும் என்று நம்மூரில் பரவலான எதிர்பார்ப்பு. வந்த விலை 59,900. ஐம்பதை எடுத்து வைத்துக் காத்திருந்தவருக்கு மேற்கொண்டு பத்தாயிரம். அதே வருடம் '17 ஏர்' என்று ஊரே அழைத்த போன் கடைக்கு வந்தபோது டப்பாவில் வெறும் ஐபோன் ஏர் என்று இருந்தது.

இன்னொன்று இருக்கிறது. வெளிநாட்டுச் செய்தி நம்மூர்ப் போனைப் பற்றியது என்று நினைத்துவிடுவது. என்னைக் கேட்டால் இங்கே அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். 2025 ஏப்ரலில் சீனாவில் ஒன்பிளஸ் 13டி வந்தது, பேட்டரி 6,260 எம்ஏஎச். ஜூனில் அதே போன் இந்தியாவுக்கு வந்தபோது பெயர் 13எஸ், பேட்டரி 5,850. ஐக்யூ 13-க்கும் சீனாவில் 6,150, இங்கே 6,000. சாம்சங்கில் இதைவிடப் பெரிய வித்தியாசம் நடந்திருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த எஸ்24, எஸ்24 பிளஸ் இரண்டிலும் அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் சிப், இந்தியாவில் சாம்சங்கின் சொந்த எக்சினாஸ். அமெரிக்காக்காரர் வேகத்தைப் புகழ்ந்ததைப் பார்த்துவிட்டு இங்கே வாங்கினால் கைக்கு வருவது வேறு எஞ்சின்.

போனே வராமல் போனதும் உண்டு. மேலே சொன்ன பிக்சல் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே அதிகம் கசிந்த போன்களில் அது ஒன்று. கையசைத்தால் பாட்டு மாறும், அதற்கு உள்ளே ஒரு சின்ன ரேடார் என்று எல்லாம் முன்கூட்டியே தெரியும். அந்த ரேடார் 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவது. அதற்கு இந்தியாவில் அனுமதி கிடைக்கவில்லை. 2019 அக்டோபரில் உலகம் வாங்கியது, நாம் வேடிக்கை பார்த்தோம்.

விலைப் பேச்சுக்கு வருவோம், அதைத்தானே எல்லோரும் கேட்கிறார்கள். "இந்தியாவில் தயாராகிறது, அதனால் விலை குறையும்" என்பது நம்மூரில் சாகாவரம் பெற்ற எதிர்பார்ப்பு. ஸ்ரீபெரும்புதூரில் பாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது, ஓசூர்ப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. உள்ளூர்ச் சரக்குக்கு ஏன் ஒரு லட்சம் என்று கோபப்படாத தமிழர் குறைவு. இதற்கு 2024 ஜூலை பட்ஜெட் ஒரு பதில் சொன்னது. கைப்பேசி இறக்குமதி வரியை 20 சதவீதத்தில் இருந்து 15 ஆகக் குறைத்தார்கள். அந்த வாரமே ஆப்பிள் விலையை இறக்கியது. இறக்குமதியாகி வந்துகொண்டிருந்த 15 ப்ரோ 1,34,900-இல் இருந்து 1,29,800 ஆனது. இங்கேயே தயாரான சாதா 15-க்குக் குறைந்தது எவ்வளவு தெரியுமா? 300 ரூபாய். 79,900 போய் 79,600. ஒரு பொருள் எங்கே பூட்டப்படுகிறது என்பதற்கும் எவ்வளவுக்கு விற்கப்படுகிறது என்பதற்கும் இடையே கம்பெனி தன் லாபத்தை வைத்துக்கொள்கிறது, அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

ஜிஎஸ்டி பேச்சும் இப்படித்தான். கைப்பேசிக்கு 2020 ஏப்ரலில் இருந்து 18 சதவீதம், அதற்கு முன்பு 12. 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறியபோது ஏசிக்கும் பெரிய டிவிக்கும் 28-இல் இருந்து 18 ஆனது. ஐபோன் 17 விற்பனைக்கு வந்தது 19-ஆம் தேதி. மூன்று நாள் பொறுத்தால் போனும் குறையும் என்று நினைத்தவர்கள் உண்டு. போன் ஏற்கெனவே 18-இல்தான் இருந்தது, அங்கேயே நின்றது, ஒரு பைசா மாறவில்லை.

டப்பா படத்தில் அச்சடித்த எம்ஆர்பி வெளியாவதும் ஒரு ரகக் கசிவு. எம்ஆர்பி அச்சடிப்பது சட்டக் கட்டாயம். ஆண்ட்ராய்டு போன்களில் பலவற்றை அதைவிடச் சில ஆயிரம் குறைத்துத்தான் விற்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து "ஐயோ இவ்வளவா" என்று பதறவும் வேண்டாம், பிறகு அறிமுக விலையைப் பார்த்துத் தள்ளுபடி என்று மகிழவும் வேண்டாம்.

வதந்தியும் எதிர்பார்ப்பும் மோசடியில் போய் முடிந்த கதையை ஒரு தடவையாவது நினைத்துக்கொள்வது நல்லது. 2016 பிப்ரவரியில் நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் என்ற நிறுவனம் ஃப்ரீடம் 251 என்று ஒரு ஸ்மார்ட்போனை 251 ரூபாய்க்குத் தருவதாக அறிவித்தது. முன்பதிவுக்கு மக்கள் முட்டி மோதியதில் அவர்களுடைய இணையதளமே படுத்துவிட்டது. பத்திரிகையாளர்களுக்குக் காட்டிய மாதிரிப் போனின் மேல் ஒயிட்னர் பூசியிருந்தது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே ஆட்காம் என்று வேறொரு கம்பெனியின் பெயர். அடுத்த வருடம் அந்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் மோசடிப் புகாரில் கைதானார். ஒயிட்னர் பூசிய போனைக் காட்டியே கோடிக்கணக்கில் பதிவு வாங்க முடிந்தது என்றால், மலிவுச் செய்தி என்று வந்தால் நம் மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். இப்போதும் புது மாடல் வரும் நேரங்களில் "ப்ரீ புக்கிங் லிங்க்" என்று வாட்ஸ்அப்பில் வரும். விலையே அறிவிக்காத போனுக்கு யார் பணம் கேட்டாலும் அந்த லிங்கைத் தொட வேண்டாம்.

சரி, கவுன்டரில் நிற்பவருக்கு என்ன பதில்?

ஐபோன் வாங்குபவருக்கு வதந்தியே தேவையில்லை, பஞ்சாங்கம் போதும். 2023 செப்டம்பரில் புது மாடல் வந்ததும் 14-இன் விலை 79,900-இல் இருந்து 69,900 ஆனது. 2024 செப்டம்பரில் 15 அதே 69,900-க்கு இறங்கியது. 2025 செப்டம்பரில் 16-உம் அதே. மூன்று வருடம் ஒரே படி. ஆகவே ஜூலை, ஆகஸ்டில், ஆடித் தள்ளுபடி என்று பதாகை கட்டியிருந்தாலும், அப்போது கடையில் இருக்கும் ஐபோனை முழு விலைக்கு வாங்க அவசரப்பட வேண்டாம். பழைய போன் உயிரோடு இருக்கும் வரை ஓட்டுங்கள். ஆண்ட்ராய்டில் இப்படி நாள் குறிக்க முடியாது, ஆனால் விலை அதைவிட வேகமாகச் சரியும். அறிமுகமான போனையே ஆயுத பூஜை, தீபாவளி ஆஃபரில் பாருங்கள். புதியதன் கசிவைப் படித்து முந்தைய மாடலை வாங்குவதுதான் என் கணக்கில் கசிவுகளால் கிடைக்கும் உருப்படியான லாபம். போன் உடைந்து நிற்பவர் எதையும் படிக்க வேண்டாம், இன்றைக்கே வாங்கலாம். யுபிஐயும் ஓடிபியும் இல்லாமல் இரண்டு மாதம் காத்திருந்து மிச்சம் பிடிக்கும் தொகை எதுவும் இல்லை.

காத்திருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். புதிய மாடல் வந்த அன்று கடையில் இருக்கும் பழைய மாடலின் விலை மட்டும் இறங்குவதில்லை, உங்கள் கையில் இருக்கும் போனின் எக்ஸ்சேஞ்ச் விலையும் சேர்ந்தே இறங்கும். அங்கே மிச்சமாவது இங்கே போய்விடுகிறதா என்று இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் விலையை அறிமுகத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் அந்தத் தாளில் ஒரு பாதி நிரம்பிவிடும். அட்வான்ஸ் போட்டே ஆக வேண்டும் என்றால் ரசீது வாங்குங்கள். எந்த மாடல், எத்தனை ஜிபி, என்ன நிறம், விலை கூடினாலோ குறிப்பிட்ட தேதிக்குள் போன் வராவிட்டாலோ பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். "அதெல்லாம் கொடுத்துடுவோம் சார்" என்று தம்பி வாயால் சொன்னால், சிரித்துக்கொண்டே பேனாவை அவரிடம் நீட்டலாம்.